நான்கு அடி பட்ட ஆயில் சீல்

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவன் மாதேசன். அவன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், சங்ககிரியில் ஒரே பட்டறையில் நானும் அவனும் வேலை பார்த்தோம். ஒரு லாரி எஞ்சினைப் பிரித்து மாட்டினோம். கிராங்க் தண்டைத் துடைத்துக் கொடுத்தது நான். அதன் முன்பக்க ஆயில் சீலை அடித்து ஏற்றியது அவன்.

அந்த லாரி தொப்பூர் கணவாயில் எண்ணெயை எல்லாம் ஒழுக்கிவிட்டு, எஞ்சின் இறுகி நடுரோட்டில் நின்றது.

"சீல் போட்டது யாரு?" என்று பட்டறைக்காரர் கேட்டார்.

"அர்த்தநாரி" என்றான் மாதேசன்.

அர்த்தநாரி நான்தான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

அன்றோடு என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் சங்ககிரியில் ஒருவரும் என்னை எஞ்சின் தொட விடவில்லை. லாரி கழுவினேன்.

மாதேசன் இப்போது பெரிய பட்டறைக்காரன்.

*

முன்பக்க ஆயில் சீல் என்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வளையம்.

எஞ்சினுக்குள் சுற்றுகிற கிராங்க் தண்டின் மூக்கு, முன்பக்க மூடியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தண்டு சுற்ற வேண்டும். எண்ணெய் வெளியே வரக் கூடாது. அந்த இடத்தில் இந்த வளையம் உட்காரும். சுற்றிலும் தகரம், உள்ளே ரப்பர் உதடு. முதுகில் சுற்றிய மெல்லிய ஸ்பிரிங் இறுக்க, உதடு தண்டைக் கவ்விக்கொண்டிருக்கும்.

நான் சீல் போட்டால் அடி தெரியாது. பழைய சீலைப் புதியதின் மேல் கவிழ்த்து வைத்து, அதன் மேல் மரக்கட்டையை வைத்து, சுற்றிச் சுற்றித் தட்டுவேன். கோணாமல் இறங்கி, கடைசிவரை போய்த் தட்டும். மூடியோடு மூடியாக உட்காரும். ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவன் நான். எனக்கு இருக்கிற ஒரே கையெழுத்து அதுதான்.

போன ஆனி மாதம் குப்பண்ணனின் லாரி எஞ்சினைப் பிரித்து மாட்டினேன். எல்லாம் புதுசு. கிராங்க் தண்டைக் கடைசலுக்கு அனுப்பி வாங்கினேன்.

சீல் ஒழுகியது.

கழற்றி வேறு போட்டேன். ஒழுகியது. மூன்றாவதும் ஒழுகியது.

குப்பண்ணன் குனிந்து, தரையில் கிடந்த எண்ணெயைச் செருப்பு நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"மேஸ்திரி, சனிக்கிழமை லோடு ஏத்தறேன். அன்னைக்குக் காலையில ஒரு சொட்டு விழுந்தாலும், வண்டிய மாதேசன் பட்டறைக்கு இழுத்துட்டுப் போயிருவேன். அப்புறம் சங்கடப்படக் கூடாது."

"வேற பட்டறையே இல்லீங்களா?"

"இருக்குது. ஆனா அவரு போட்டா ஒழுகறதில்லைன்னு ஊரே சொல்லுதே."

அன்று புதன்கிழமை.

*

பவானி ரோட்டில் கோகிலவாணி சீல் கடை வைத்திருக்கிறாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். இதுவரை ஒரு எஞ்சினைக்கூடப் பிரித்ததில்லை. ஆனாலும் எஞ்சின் பிரிக்கிறவர்கள் கடைசியில் அவள் வாசலில்தான் போய் நிற்பார்கள். கழற்றின சீலைப் பார்த்தே எஞ்சினின் சாதகத்தைச் சொல்லிவிடுவாள் என்று பேச்சு.

அவள் அப்பா காலத்திலிருந்தே அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய சீலைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் புதியதைத் தருவார்கள். வாங்கின பழையதில் லாரி எண் எழுதின தகரத் துண்டைக் கட்டி, கம்பியில் கோத்துத் தொங்கவிடுவார்கள். கடை முழுக்க, கோத்த முறுக்கு மாதிரி, கறுத்த வளையங்கள்.

எனக்கு அந்த வழக்கம் பிடிக்காது. மூன்று சீலையும் வேறு கடையில் வாங்கியிருந்தேன்.

இப்போது மூன்றையும் அவள் மேசைமேல் வைத்தேன்.

"எண்ணெய் ஏன் ஒழுகுது அம்மணி?"

அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"போட்டது நீங்களாங்ணா?"

"நானேதான்."

"அடியே தெரியல."

"என் கை அப்படி. உளிய வச்சு நாலு மூலையிலயும் சாத்தறதுக்கு நான் என்ன மாதேசனா?"

மாதேசன் பெயர் வந்ததும் தொப்பூர் கணவாய்க் கதையை முழுக்கச் சொன்னேன். அவள் எவர்சில்வர் டம்ளரில் டீ குடித்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஸ்பிரிங் பக்கம் உள்ளதானுங்க போட்டீங்க?"

"உள்ளதான்."

"உதட்டுக்கு எண்ணெய் தொட்டீங்களா?"

"தொட்டேன்."

"தண்டுல சாவி உக்கார்ற காடி உதட்டைக் கிழிச்சிருக்குமோ?"

"டேப்பு சுத்தித்தான் ஏத்தினேன்."

"எஞ்சின் மூச்சு விடுற குழாய்?"

"ஊதிப் பார்த்தேன். அடைப்பு இல்லை."

"எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கறீங்க."

"பின்னே?"

"அப்ப நாலாவதும் ஒழுகும்."

நான் எழுந்துவிட்டேன். அவள் என் மூன்று சீலையும் என் பக்கமே தள்ளினாள்.

"இதுக்கெல்லாம் முந்துனது எங்கீங்ணா?"

"எது?"

"எஞ்சினைப் பிரிக்கறப்ப அதுல இருந்தது."

"அது பத்து வருசத்துப் பழசு. தூக்கிப் போட்டாச்சு."

"அதக் கொண்டாங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன அம்மணி சம்பந்தம்?"

அவள் அடுத்த ஆளைப் பார்த்து, "உங்களுக்கு என்னங்க?" என்றாள்.

*

பழைய இரும்புக் குவியலை அரை நாள் கிளறினேன். கை இரண்டு இடத்தில் கிழிந்தது. கடைசியில், உடைந்த ஒரு புல்லிக்கு அடியில் அது கிடந்தது. உதடு கல் மாதிரி ஆகியிருந்தது. அதில் கறுப்பாகப் பிசுக்கு ஒட்டியிருந்தது.

வியாழக்கிழமை காலையில் கொண்டுபோய் வைத்தேன்.

"இந்தக் குப்பையத் தேட வச்சுட்டயே அம்மணி. மாதேசன் கேட்டா சிரிப்பான்."

"நேத்தும் அவர் பேரைச் சொன்னீங்க."

"சாகற வரைக்கும் சொல்லுவேன்."

அவள் பழைய சீலை விரலில் மாட்டிச் சுற்றினாள்.

"இது ரப்பருங்க. தண்டு இரும்பு. பத்து வருசம் ரெண்டும் உரசிக்கிட்டே இருந்துச்சு. எது தேஞ்சிருக்கும்?"

"இதைக் கேக்கவா கூப்பிட்ட? ரப்பர்தான்."

"தண்டையும் கேட்டீங்களா?"

"தண்டு பேசுமா?"

அவள் தன் கட்டைவிரல் நகத்தை மேசை விளிம்பில் வைத்து மெல்ல இழுத்துக் காட்டினாள்.

*

பட்டறைக்கு வந்தேன். சீல் இல்லாமல் தண்டின் மூக்கு பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்தது. கடைசலுக்குப் போய்வந்த தண்டு. நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தண்டு. சீல் உட்காரும் இடத்தில் ஒரு கோடு மினுங்கியது. எல்லாத் தண்டிலும் அந்தக் கோடு இருக்கும். முப்பத்தைந்து வருடமாக அதைப் பார்த்து வருகிறேன்.

நகத்தை வைத்து இழுத்தேன்.

கோட்டில் நகம் தட்டி நின்றது.

மறுபடி இழுத்தேன். மறுபடி நின்றது.

கடைசல்காரர்கள் பேரிங் உட்காரும் இடத்தைத்தான் கடைவார்கள். மூக்கைத் தொட மாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், தண்டு புதுசு என்றே நினைத்துவிட்டேன்.

அது கோடு இல்லை. பள்ளம்.

பழைய சீலின் உதடும் அந்தப் பள்ளமும் பத்து வருடம் சேர்ந்தே வளர்ந்தவை. புது உதடு அந்தப் பள்ளத்தின் மேல் பாலம் போட்ட மாதிரி நிற்கும். அடியில் எண்ணெய் நடந்து போகும்.

*

அன்று மதியமே திரும்பிப் போனேன்.

"இரும்புதான் அம்மணி தேஞ்சிருக்குது."

அவள் தலையை ஆட்டினாள்.

"இத்தனை மெத்துன்னு இருக்கற ரப்பர், அத்தனை கெட்டி இரும்பை எப்படி அறுக்கும்?"

அவள் டம்ளரில் இருந்த கடைசி வாய் டீயைக் குடித்தாள். டம்ளரை மேசையில் கவிழ்த்தாள். குப்பண்ணன் எஞ்சினிலிருந்து வந்த பழைய சீலை எடுத்து, உதட்டை டம்ளரின் முதுகில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

எவர்சில்வரில் ஒரு கீறல் விழுந்தது.

பிறகு டீசல் டப்பாவில் சீலை நனைத்து, பழைய பிரஷ்ஷால் உதட்டைச் சுற்றிலும் தேய்த்தாள். டப்பாவின் அடியில் கறுப்பாக மணல் இறங்கியது. ரோட்டுப் புழுதி. பத்து வருடத்துப் புழுதி.

சீலைத் துணியில் துடைத்தாள். அதே டம்ளரில், அதே அழுத்தம் கொடுத்து, பக்கத்தில் இழுத்தாள்.

கீறல் விழவில்லை.

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொன்ன தொப்பூர் வண்டிக்கு எண் என்னங்ணா?"

"இருபத்தேழு பதினாலு." எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் ஸ்டூலில் ஏறினாள். பின்சுவரோரம் இருந்த கம்பியில் ஒவ்வொரு வளையமாகத் தள்ளிக்கொண்டே போனாள். ஒன்றைக் கழற்றிக்கொண்டு இறங்கினாள். தகரத் துண்டைப் பழைய துணியால் துடைத்து என்னிடம் காட்டினாள்.

2714.

"எஞ்சின் இறுகினப்புறம் வேற பட்டறையில பிரிச்சாங்க. அவங்க எங்கப்பாகிட்டக் கொண்டாந்து குடுத்துட்டுப் புதுசு வாங்கிட்டுப் போனாங்க."

பத்தொன்பது வருடமாக அது அங்கேதான் தொங்கியிருக்கிறது. அந்த வழக்கம் பிடிக்காமல் நான்தான் அந்தக் கடைக்குள் வராமல் இருந்தேன்.

வாங்கிப் பார்த்தேன். தகர விளிம்பில் நான்கு அடி. நான்கு மூலையிலும் உளியின் வாய் பதிந்து, அரிசி அளவுக்குக் குழி.

"நாலு அடி" என்றேன்.

"ஆமாங்ணா. இது நீங்க போட்ட சீல் இல்லை."

மாதேசன் வாயிலிருந்து வரவேண்டிய வார்த்தை அது. சீல் கடைக்காரி வாயிலிருந்து வந்தது. நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"இதுதான் அம்மணி! இந்த நாலு அடிதான்! இதக் கொண்டுபோய் அவன் மூஞ்சிக்கு நேரா..."

அவள் என் கையிலிருந்த சீலை மெல்லத் திருப்பி, உட்பக்கத்தைக் காட்டினாள். பிறகு என்னுடைய மூன்று சீலையும் எடுத்து அதன் பக்கத்தில் வரிசையாக வைத்தாள்.

நான்கின் உதடும் ஒரே மாதிரி இருந்தது. இரண்டு ஓரத்தில் மட்டும் லேசாகத் தேய்ந்து, நடுவில் எதையும் தொடாமல், புதுசு போல.

தகரத்தில் இருந்த நான்கு அடியும் உதடுவரை வரவே இல்லை. அன்று எண்ணெய் ஒழுகியதும் தண்டின் பள்ளம் வழியாகத்தான்.

"அன்னைக்குத் தண்டைத் துடைச்சது யாருங்ணா?"

ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அவன் பொய் சொன்னான் அம்மணி."

"சொன்னாருங்க."

"என் மூஞ்சியப் பார்த்துச் சொன்னான்."

"ஆமாங்க. அது அப்படியேதான் இருக்குது. நான் இல்லைங்கல."

அவள் அதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. லாரி எண்ணைப் படிக்கிற மாதிரி சொன்னாள்.

*

"பள்ளத்தை மூடித் தண்டுக்கு மேல மாட்டற மெல்லிசு வளையம் கோயமுத்தூர்ல கிடைக்கும். வர்றதுக்கு மூணு நாள் ஆகும்" என்றாள்.

"எனக்குச் சனிக்கிழமை வரைக்கும்தான் இருக்குது."

அவள் புது சீல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். அதன் மேல் ஒரு ரூபாய்க் காசு ஒன்றைப் படுக்க வைத்தாள்.

"இந்தக் கனம் வெளிய நிக்கட்டும்."

"என்ன அம்மணி சொல்ற? முழுசா ஏறாம நிக்கறதா? அரைகுறை வேலைன்னு பாக்கறவன் எல்லாம் சிரிப்பான். நான் போட்ட சீல் ஒண்ணுகூட அப்படி நின்னதில்லை. எல்லாம் கடைசிவரைக்கும் போய் உக்காரும்."

"ஆமாங்க. பழசு உக்காந்த எடத்துலயே."

நான் அந்தக் காசை எடுத்து விரலில் கனம் பார்த்தேன்.

அவள் என்னுடைய பழைய சீல்களை எடுத்து, குப்பண்ணன் லாரி எண் எழுதின தகரத்தைக் கட்டினாள். 2714 மேசையிலேயே கிடந்தது.

"அதைக் கம்பியில மாட்டலயா?"

"ஒண்ணு குடுத்தா ஒண்ணு தர்றது எங்க கடை வழக்கம். நீங்க நாலு குடுத்திருக்கறீங்க." அதை என் பக்கம் நகர்த்தினாள். "கழுவலீங்ணா. பாத்துக்குங்க."

*

வெள்ளிக்கிழமை சீலை ஏற்றினேன்.

மரக்கட்டையால் தட்டத் தட்ட அது இறங்கியது. இன்னும் இரண்டே தட்டு. கடைசிவரை போய்விடும். கை தானாகவே ஓங்கியது. முப்பத்தைந்து வருடத்துக் கை.

காசை வைத்து அளந்தேன். உதடு பள்ளத்தை விட்டுத் தள்ளி, தேயாத இரும்பைக் கவ்வுகிற அளவு. நிறுத்தினேன். நாலு பக்கமும் காசை வைத்துப் பார்த்தேன், கோணல் இருக்கிறதா என்று. இல்லை.

சனிக்கிழமை காலையில் குப்பண்ணன் வந்தார். புல்லியை மாட்டுவதற்கு முன் எட்டிப் பார்த்தார்.

"என்ன மேஸ்திரி, முழுசா ஏறலயா? வயசாயிருச்சா?"

"ஏறினது போதும்."

"மாதேசன்கூட இதவிட உள்ளதான் போடுவாரு."

"போடட்டும்."

எஞ்சினை ஓட விட்டோம். அடியில் என் வெள்ளைத் துண்டை விரித்து வைத்தேன். ஒரு மணி நேரம் ஓடியது. குப்பண்ணன் துண்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"லோடு ஏத்திப் பாக்கணும்" என்றார்.

"நானும் வர்றேன்" என்றேன்.

*

சிமெண்டு மூட்டையோடு தொப்பூர் கணவாய்க்குப் போனோம். அந்த லாரி நின்ற இடம் எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாக அந்த வழியாக எந்த வண்டியில் போனாலும் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வேன்.

"இங்க நிறுத்துங்க" என்றேன்.

இறங்கி, வண்டிக்கு அடியில் படுத்தேன். மூடியின் கீழே விரலை வைத்து ஒரு சுற்றுத் தடவினேன். விரலைப் பார்த்தேன்.

புழுதி மட்டும் இருந்தது.

மேலே ஏறி உட்கார்ந்ததும் குப்பண்ணன் கேட்டார்: "என்ன மேஸ்திரி, கண்ணுல தூசி விழுந்துருச்சா?"

"ஆமாங்க."

திரும்பும்போது மாதேசன் பட்டறை வழியாகத்தான் வரவேண்டும். 2714 என் சட்டைப் பையில் இருந்தது. வாசலில் ஒரு எஞ்சினுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒரு கையில் சுத்தியல், ஒரு கையில் உளி.

குப்பண்ணன் வேகத்தைக் குறைத்தார். அவருக்குக் கதை தெரியும். சங்ககிரியில் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்லாத ஆள் இல்லை.

"நிறுத்தட்டுங்களா?"

நான்கு அடியையும் துணிக்கு மேலேயே விரல் தடவிக்கொண்டிருந்தது. மாதேசன் நிமிர்ந்து வண்டியைப் பார்த்தான். என்னையும் பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன்.

"வேண்டாம். போங்க" என்றேன். "வரவேண்டியவன் அவன்."

*

வீட்டுக்கு வந்ததும் ஒரு கிண்ணத்தில் டீசல் ஊற்றினேன். 2714ஐ அதில் போட்டு, பிரஷ்ஷால் உதட்டைச் சுற்றிலும் தேய்த்தேன். கிண்ணத்தின் அடியில் மணல் இறங்கியது. டீசலை மாற்றி மறுபடி தேய்த்தேன். மூன்றாம் தடவை மணல் வரவில்லை.

நான் தண்ணீர் குடிக்கிற டம்ளரைக் கவிழ்த்து, அதன் முதுகில் உதட்டை வைத்து இழுத்துப் பார்த்தேன்.

கீறல் விழவில்லை.

துடைத்து, பட்டறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். வாசலில் வந்து நிற்கிற ஆளுக்கு நேராகத் தெரிகிற இடம். வாரம் ஒருமுறை எடுத்துப் புழுதியைத் துடைத்து வைக்கிறேன்.

நான்கு அடியும் அப்படியே இருக்கிறது.

மாதேசன் இன்னும் வரவில்லை.